பத்தொன்பது காலிக் கட்டங்கள்

எங்கள் துறையின் வாசலில் என் முகத்தைப் பெரிதாக அச்சடித்து ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். முகத்துக்குக் கீழே ‘94 சதவீதத் திருப்தி’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. திங்கட்கிழமை காலை அதைப் பார்த்தபோது பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். புதன்கிழமை காலை அதே பேனரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பின்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன்.

என் தொழில் வரிசைப்படுத்துவது. எந்த வேலையை எந்த இயந்திரத்துக்கு எப்போது கொடுத்தால் சீக்கிரம் முடியும், எந்தப் பரீட்சையை எந்த அறையில் வைத்தால் மோதாது, லாரி எந்தத் தெரு வழியாகப் போனால் தூரம் குறையும், இப்படிப்பட்ட கணக்குகள். கேட்க எளிது. ஆனால் இருபது வேலைகளை எத்தனை விதமாக அடுக்கலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தால் ஆயுள் போதாது. எல்லாவற்றையும் பார்க்காமலே நல்ல அடுக்கைக் கண்டுபிடிக்கும் வழிமுறைகளை உருவாக்குவதுதான் எங்கள் வேலை. இதில் இருபத்திரண்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். பதவி, இணைப் பேராசிரியர்.

குப்பை என்று சும்மா சொல்லவில்லை. யாரோ எப்போதோ செய்து வைத்த பழைய கணக்குத் தொகுப்புகளை வைத்துக்கொண்டுதான் நாங்கள் இன்னும் பந்தயம் ஓடுகிறோம். போன வருஷம் ஒருவன் கண்ட விடையைவிட அரை சதவீதம் நல்ல விடை கிடைத்தால் ஒரு கட்டுரை. அதைவிடக் கால் சதவீதம் என்றால் இன்னொன்று. நீ என்னை மேற்கோள் காட்டு, நான் உன்னைக் காட்டுகிறேன் என்று ஒருவர் முதுகை ஒருவர் சொறிந்துவிடுவோம். எறும்பு, தேனீ, ஓநாய் என்று ஏதாவது ஒரு ஜீவனின் பெயரை வைத்துப் பழைய சரக்கையே புதிதென்று விற்பவர்களும் எங்களிடம் உண்டு. ஒரு மாநாட்டில் வௌவால் முறை உசத்தியா குயில் முறை உசத்தியா என்று இரண்டு பேர் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டார்கள். அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, இருவருக்கும் தலையாட்டிக்கொண்டு பிஸ்கட் தின்றவன் நான்.

அதனால் ஆஸ்பத்திரி வேலை வந்தபோது பாய்ந்து பிடித்துக்கொண்டேன். நிஜ மனிதர்கள், நிஜ வேலை. நூற்று நாற்பத்து மூன்று நர்ஸ்கள், காலை, மதியம், இரவு என்று மூன்று ஷிப்ட். யார் எப்போது வர வேண்டும் என்று தலைமை நர்ஸ் மாதா மாதம் பென்சிலும் ரப்பருமாக மூன்று நாள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். என் ப்ரோக்ராம் அதை நாலு நிமிஷத்தில் போட்டது. எந்த ஷிப்ட் எவ்வளவு பிடிக்காது என்று ஒவ்வொரு நர்ஸும் பூஜ்யத்திலிருந்து பத்து வரை மார்க் போடலாம். எல்லோருடைய வெறுப்பையும் கூட்டினால் எது மிகக் குறைவாக வருமோ அந்த அட்டவணையை ப்ரோக்ராம் தேடி எடுக்கும். ஒன்பது மாதம் ஓடியது. நர்ஸ்கள் கேட்டதில் தொண்ணூற்று நாலு சதவீதம் கிடைத்தது. கட்டுரை பெரிய இதழில் வந்தது. பேனர் வந்தது. வியாழக்கிழமை பேராசிரியர் பதவிக்கு நேர்காணல் என்று கடிதமும் வந்தது.

அந்த நூற்று நாற்பத்து மூன்று பேரில் ஒருத்தி என் அக்கா.

திங்கட்கிழமை மதியம் அக்கா போன் செய்தாள்.

"தம்பி, வேலையா இருக்கியா?"

"இல்லக்கா, சொல்லு."

"ஒண்ணுமில்ல. ஒரு தப்பு பண்ணிட்டேன்."

ஆறாம் கட்டிலுக்குப் போட வேண்டிய ஊசியை ஏழாம் கட்டிலுக்குப் போட்டுவிட்டாள். ரத்தம் உறையாமல் இருக்கப் போடுகிற ஊசி. ஏழாம் கட்டில்காரருக்கு முந்தின நாள்தான் ஆபரேஷன் ஆகியிருந்தது. ரத்தம் நிற்காமல் கசிந்து, மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோய், எப்படியோ பிழைத்துக்கொண்டார். தப்பு நடந்த பத்தாவது நிமிஷம் அக்காவே ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னாள். அதனால்தான் அவர் பிழைத்தார். அதனால்தான் இவள் மாட்டிக்கொண்டாள். புதன்கிழமை விசாரணை. வேலை போகலாம், நர்ஸ் உரிமமே கூடப் போகலாம். முப்பது வருஷத்தில் அவள் மேல் ஒரு புகார் வந்ததில்லை.

"நீயாக்கா? எப்படி?"

"கண்ணு சொருகிடுச்சுடா. முந்தின நாள் மதிய டியூட்டி. ராத்திரி பத்துக்கு முடிஞ்சு வீட்டுக்கு வந்து, மறுபடி காலைல ஆறுக்குப் போயிட்டேன்."

"அது எப்பவாவது ஒரு தடவை வர்றதுதானே?"

"எனக்கு அடிக்கடி வருதுடா," என்றாள்.

போனை வைத்துவிட்டுக் கணினியைத் திறந்தேன். இரண்டு ஷிப்டுக்கு நடுவில் எட்டு மணி நேரம் இடைவெளி இருந்தால் போதும் என்பது ஆஸ்பத்திரி விதி. இரவு பத்துக்கு முடித்துக் காலை ஆறுக்கு வந்தால் சரியாக எட்டு. விதி மீறவில்லை. ஆனால் பஸ்ஸுக்குக் காத்திருந்து, வீடு போய், சாப்பிட்டு, விடியும் முன் எழுந்து திரும்பி வருகிறவளுக்கு அதில் தூங்க மிஞ்சுவது நாலு மணி நேரம். இப்படி மதியமும் மறுநாள் காலையும் ஒட்டி வந்ததை ஒன்பது மாதத்துக்கும் பேர் பேராக எண்ணச் சொன்னேன். பெரும்பாலான நர்ஸ்களுக்கு இரண்டு தடவை, மூன்று தடவை. அக்காவுக்கு முப்பத்தொன்று.

முதலில் எண்ணினதில் பிழை என்று நினைத்தேன். எங்கள் ஜாதிக்கே உள்ள வியாதி அது, விடை பிடிக்காவிட்டால் கணக்கைச் சந்தேகிப்பது. மறுபடி எண்ணினேன். இருபது தடவைக்கு மேல் வந்தவர்கள் பத்தொன்பது பேர். பத்தொன்பது பேரும் மார்க் படிவத்தைக் காலியாக விட்டவர்கள். இன்னொன்றும் கண்ணில் பட்டது. பத்தொன்பது பேரும் மூன்றாம் மாடி நர்ஸ்கள், அக்கா வேலை பார்க்கிற மாடி. அது ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

காலியாக விட்டவர்களுக்கு ஏன் இப்படி வந்தது என்பது மட்டும் உடனே விளங்கிவிட்டது. ப்ரோக்ராமுக்குக் காலி என்றால் புரியாது, ஏதாவது ஒரு எண் வேண்டும். காலியாக இருந்தால் பூஜ்யம் போட்டுக்கொள் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். பக்கத்திலேயே ‘பிறகு பார்க்கவும்’ என்று குறிப்பும் எழுதியிருந்தேன். பிறகு பார்க்கவில்லை. பூஜ்யம் என்றால் இந்த ஆளுக்கு எந்த ஷிப்டும் கசக்காது, எதை வேண்டுமானாலும் தலையில் கட்டலாம் என்று அர்த்தம். மொத்த வெறுப்பைக் குறைக்கச் சொன்னால் ப்ரோக்ராம் என்ன செய்யும்? யாருக்கும் வேண்டாத ஷிப்டையெல்லாம் கூட்டித் தள்ளிக்கொண்டு போய் அந்தப் பத்தொன்பது இளிச்சவாய்களின் மேல் கொட்டியது. நூற்று நாற்பத்து மூன்று பேரில் வாய் திறக்காதவர்களைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு தேடி எடுக்கும் ஒரு இயந்திரத்தை நான் செய்திருக்கிறேன். அதற்குப் பாராட்டும் வாங்கியிருக்கிறேன்.

அந்தத் தொண்ணூற்று நாலு சதவீதம் இருக்கிறதே, அது கேட்டவர்களுக்குக் கிடைத்ததன் கணக்கு. கேட்காதவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. பத்தொன்பது பேரைக் கசக்கிப் பிழிந்து மற்றவர்களுக்குத் திருப்தி தந்துவிட்டு, பிழியப்பட்டவர்களை எண்ணாமல் விட்டுவிட்டேன். மூன்று நிபுணர்கள் அந்தக் கட்டுரையைப் படித்துப் பார்த்துச் சரி என்றார்கள். ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை. அவர்களில் ஒருவர் கேட்டது, தன்னுடைய கட்டுரைகளில் நாலை நான் மேற்கோள் காட்ட வேண்டும் என்பது மட்டும்தான். காட்டினேன்.

செவ்வாய்க்கிழமை காலை துறைத்தலைவர் கூப்பிட்டார். எதையும் சதவீதமாக மாற்றாமல் அவருக்குப் பேச வராது, அதனால் மாணவர்கள் அவருக்குச் சதவீதம் என்றே பெயர் வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் கேட்டிருக்கிறார்கள் என்றார். அட்டவணை விதிப்படிதான் போடப்பட்டது, அதில் குறை இல்லை என்று நான் எழுதித் தர வேண்டும். அவரே தட்டச்சு செய்து வைத்திருந்தார். நான் கையெழுத்துப் போட்டால் போதும்.

"சார், அட்டவணையில தப்பு இருக்கு," என்று விஷயத்தைச் சொன்னேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விதி மீறியிருக்கா?"

"இல்ல சார். ஆனா..."

"மீறலைல்ல? அப்புறம் என்ன? நூத்து நாப்பத்து மூணுல பத்தொம்பது. எவ்வளவு, பதிமூணு சதவீதமா? எந்த முறையிலயும் அந்த அளவு சேதாரம் இருக்கத்தான் செய்யும்."

"அந்தப் பதிமூணு சதவீதத்துல என் அக்கா இருக்காங்க சார்."

"அடடா," என்றார். உண்மையாகவே வருத்தப்பட்ட மாதிரிதான் இருந்தது. பிறகு முகம் மலர்ந்தது. "இதை ஏன் நீங்க குறையா பாக்கறீங்க? முதல் கட்டுரை திருப்தி. ரெண்டாவது கட்டுரை நியாயம். காலியா விட்டவங்களுக்கு என்ன ஆகுதுன்னு யாரும் இன்னும் எழுதல. வியாழக்கிழமை முடியட்டும். பேராசிரியர் ஆகிட்டு நிதானமா எழுதுங்க."

சீ என்று வந்தது. ஆனால் அதைவிடக் கேவலமான ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த இரண்டாவது கட்டுரைக்கு என் மண்டைக்குள் தலைப்பு ஓடியது. நல்ல தலைப்பு. அக்காவுக்கு வேலை போகப்போகிறது, தம்பி தலைப்பு யோசிக்கிறான். காறித் துப்ப வேண்டும் போல இருந்தது, ஆனால் யார் மேல் துப்புவது? கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அசடு வழிய ஒரு சிரிப்பும் சிரித்துவிட்டு வெளியே வந்தேன்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா கதவைத் திறந்துவிட்டு, "உள்ளதான் இருக்கா, காலைலேர்ந்து சாப்பிடல," என்று மெல்லச் சொல்லிவிட்டுத் தெருவுக்குப் போய்விட்டார். அக்கா சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் விசாரணைக்குப் போட்டுக்கொண்டு போக. காலர் ஓரத்தை இரண்டு தடவை, மூன்று தடவை தேய்த்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. ஒன்பது மாதமாக இது என் கண்ணில் படவில்லையா என்று கேட்டால், பட்டது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"அக்கா, அந்த மார்க் படிவம் இருக்குல்ல. அதை ஏன் காலியா விட்ட?"

"எதை?"

"எந்த ஷிப்ட் பிடிக்கலைன்னு மார்க் போடற படிவம்."

"ஓ, அதுவா." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். "உன் ப்ரோக்ராம்தானேடா. ஆளாளுக்கு இது வேண்டாம் அது வேண்டாம்னு எழுதினா அது எப்படி போடும்? உனக்குத்தானே கஷ்டம்? அதான் நான் ஒண்ணும் கேக்கல. எங்க மாடியில எல்லார்கிட்டயும் சொன்னேன். என் தம்பி ராப்பகலா உக்காந்து செஞ்சது, நாம வேற தொந்தரவு கொடுக்கக் கூடாது, காலியா விடுங்கடி, அதுவே நல்லதா பாத்துப் போடும்னு. பதினெட்டு பேரும் நான் சொன்னதுக்காக விட்டாங்க."

சொல்லத்தான் போனேன். அக்கா, நீ காலியாக விட்டதால்தான் உன் மேல் விழுந்தது, நீ சொன்னதால்தான் அவர்கள் மேல் விழுந்தது. இரண்டே வரி. மேடை ஏறி இருநூறு பேர் முன்னால் மணிக்கணக்காகப் பேசுகிற வாய்க்கு அந்த இரண்டு வரி வரவில்லை. மென்று முழுங்கினேன்.

"நாளைக்கு என்னையும் கூப்பிட்டிருக்காங்க," என்றேன்.

"தெரியும். நீ எனக்காக ஒண்ணும் பேசாத. தப்பு என்னுது. உனக்கு வியாழக்கிழமை பெரிய விஷயம் இருக்கு. இதுல வந்து பேரைக் கெடுத்துக்காத."

அதைக் கேட்டதும் மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது. சத்தியமாக வந்தது. அவளே வேண்டாம் என்றுவிட்டாள், நான் என்ன செய்ய? பஸ்ஸில் பாதி வழி போகும்வரை அந்த நிம்மதி இருந்தது. அப்புறம் என்மேல் எனக்கே ஒரு நாற்றம் அடிக்கிற மாதிரி இருந்தது. சட்டையை மாற்றினால் போகிற நாற்றம் இல்லை.

புதன்கிழமை காலை, பின்வாசல் வழியாக அறைக்குப் போனதும், கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று இதழுக்கு எழுதினேன். காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது, அதில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். நகலைத் துறைத்தலைவருக்கும் அனுப்பினேன். நான் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் சதவீதம் ஏழு தடவை கூப்பிட்டார். எட்டாவது தடவை போனை அணைத்தேன். வியாழக்கிழமை நேர்காணலை அதோடு கை கழுவியாயிற்று.

விசாரணை அறையில் மூன்று பேர், ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர், நிர்வாக அதிகாரி, தலைமை நர்ஸ். அக்கா சுவரோரம் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஊசி போடறதுக்கு முன்னாடி கட்டில் சீட்டைப் படிக்கணும். படிக்கல. தப்பு என்னோடது," என்று சொல்லி முடித்திருந்தாள். வேறொன்றும் சொல்லவில்லை.

கண்காணிப்பாளர் என்னைப் பார்த்தார். "கடிதம் கொண்டு வந்திருக்கீங்களா?"

"இல்ல சார். அட்டவணை விதியை மீறல. ஆனா தப்பானது. அந்தத் தப்பு என்னுது."

பத்தொன்பது பேரின் எண்ணிக்கை எழுதிய தாளை மேஜை மேல் வைத்தேன். படிவம், காலிக் கட்டம், பூஜ்யம் எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவைப் பார்க்காமல் சொன்னேன்.

நிர்வாக அதிகாரி காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு நிமிஷம். மத்தவங்க மார்க் போட்டாங்க. இவங்க போடல. போட்டிருந்தா இந்த ஷிப்ட் வந்திருக்காது. அப்ப இதுவும் இவங்களோட கவனக்குறைவுதானே?"

நான் அக்காவைக் காப்பாற்றக் கொண்டுவந்ததை எடுத்து அவள் தலையிலேயே போட்டார். எவ்வளவு சுலபமாக! என் ப்ரோக்ராமுக்கு நாலு நிமிஷம் ஆனது, இந்த ஆளுக்கு நாலு வினாடி.

"பேசாம இருக்கறவங்களுக்கு ஒண்ணும் வலிக்காதுன்னு எழுதினது நான் சார், அவங்க இல்ல," என்றேன். குரல் அந்த அறைக்கு அதிகமாகவே இருந்தது.

தலைமை நர்ஸ் தொண்டையைக் கனைத்தார். "எனக்கும் தெரியும்," என்றார். "ரெண்டாவது மாசமே தெரிஞ்சது, எல்லாம் மூணாம் மாடிக்கே போகுதுன்னு. யாரும் வந்து கேக்கல. மத்த மாடியிலேர்ந்து சண்டையும் வரல. சரி, நல்லா ஓடுதேன்னு விட்டுட்டேன்."

அரை மணி நேரம் எங்களை வெளியே உட்கார வைத்துவிட்டு முடிவைச் சொன்னார்கள். அக்காவுக்கு வேலை போகாது. ஒரு மாதம் தற்காலிக நீக்கம். பதிவேட்டில் ஒரு எச்சரிக்கை, அதில் ‘விருப்பப் படிவத்தை நிரப்பத் தவறியதும்’ என்று ஒரு வரி. ப்ரோக்ராமை அன்றோடு நிறுத்திவிட்டார்கள். நிர்வாக அதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கி, "சரி பண்ணிட்டு மறுபடி கொண்டு வாங்க சார், ரொம்ப உபயோகமான விஷயம்," என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு கையை உருவிக்கொண்டேன்.

வெளியே நடைவழியில் அக்கா ஜன்னலோரம் நின்றாள். வேலை தப்பியதே என்று நான் ஏதோ ஆரம்பித்தேன். அவள் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை.

"முப்பத்தொண்ணா?" என்றாள்.

"ம்."

"நான் எண்ணவே இல்லடா." என் கையைப் பார்த்தாள். "எங்க மாடியில மாசமா இருந்துச்சே ஒரு பொண்ணு. அதுக்கு எத்தனை?"

தாளின் நகல் கையிலேயே இருந்தது. பார்க்காமலே எனக்குத் தெரியும். "இருபத்தெட்டு."

"அவ மட்டும் மார்க் போடறேன்னுதான் சொன்னா. நின்னா கால் வீங்குதுக்கா, போட்டுக்கறேனேன்னா. நான்தான் பேனாவை வாங்கி வெச்சுக்கிட்டேன்." என் முகத்தைப் பார்த்தாள். "நேத்து வீட்டுக்கு வந்தியே. அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. சீருடையின் மடிப்பை நீவிவிட்டுக்கொண்டு, "வா," என்றாள். லிப்ட் பக்கம் போகாமல் படியேறினாள். நானும் பின்னால் ஏறினேன். மணி இரண்டாகப் போகிறது. மூன்றாம் மாடியில் காலை ஷிப்ட் முடிந்தவர்களும் மதிய ஷிப்டுக்கு வந்தவர்களும் மேஜையைச் சுற்றி நின்று பொறுப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அக்காவைப் பார்த்ததும் ஓடி வந்தார்கள். வேலை போகவில்லை என்று தெரிந்ததும் ஒருத்தி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"இது என் தம்பி. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றாள் அக்கா.

"தம்பி சாரா! அக்கா எப்பவும் உங்க பேச்சுதான் சார்," என்று சொல்லிக்கொண்டே ஒரு நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு, அதன்மேல் இருந்த தூசியைக் கையால் தட்டிவிட்டாள். "உக்காருங்க சார்."

"நாற்காலி வேண்டாம்," என்றாள் அக்கா. "நின்னுக்கிட்டே சொல்லட்டும்."